இரத்தத்தில் ஜாதி எங்கே?

(தொண்டாமுத்தூரில் விஞ்ஞானப் படக் காட்சிக்குப் பின் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்போது நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த படமானது சினிமாக் கொட்டகைக்காக எடுக்கப்பட்டதல்ல. 2003-ம் வருஷத்தில் டெலிவிஷனில் காட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட விஞ்ஞானப் படமாகும். ஸ்பென்சர் வெல்ஸ் என்கின்ற அமெரிக்க விஞ்ஞானி அதை நடத்திக் காட்டுகிறார். "மனிதனின் பயணம்" என்பது அதன் பெயருக்கு அர்த்தம். அதில் பாட்டில்லை, சண்டையில்லை, சாமி வந்து வரங்கொடுப்பதுமில்லை. அப்படியிருந்தும் நடுவில் எழுந்து போனவர்கள் சிலரேதான் என்பதைக் கண்டு நமக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் படத்தில் பேசினது இங்கிலீஷானதால் பலருக்கு விளங்கியிருக்காது. ஆகையால் அதில் சொன்னது என்ன, எதைக் கொண்டு அப்படிச் சொல்லுகிறார்கள், அதில் ஒப்புக்கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவைகளைப் பற்றிச் சிறிது பேசலாமென்றிருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டெலிவிஷனில் காட்டினான் என்பதற்காகவோ, வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காகவோ, இந்த மேடையில் நாம் சொன்னோம் என்பதற்காகவோ நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. அதே டெலிவிஷன் பெட்டியில்தான் காலையில் ஒருவன் ராசிபலன் சொல்லுகிறான். மற்றொருவன் இன்ன கல் வைத்த மோதிரம் போட்டால் கடன் தீரும் என்கிறான். பெட்டி ஒன்றுதான். ஆகவே பெட்டிக்கு யோக்கியதை ஒன்றுமில்லை. பேசுகிறவன் காட்டுகிற ஆதாரத்துக்குத்தான் யோக்கியதை.

படம் சொல்லுகிற கதை இதுதான். இன்று உலகத்தில் இருக்கிற கறுப்பர், வெள்ளையர், சீனர், ஜப்பானியர், நாம் ஆகிய அத்தனை பேரும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த மக்களின் சந்ததிகளே. சுமார் 50,000, 60,000 வருஷங்களுக்கு முன் அவர்களில் ஒரு சிறு பகுதியார் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார்கள். ஒரு கிளை கடற்கரை ஓரமாகவே தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, நம் தென்னாட்டுக் கரையையும் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கிளை மத்திய ஆசியாவுக்குப் போயிற்று. அங்கிருந்து சிலர் அய்ரோப்பாவுக்கும், சிலர் வடகோடிப் பனிநாட்டு வழியாக அமெரிக்காவுக்கும் போனார்கள். இந்த விஞ்ஞானி அவர்கள் போன வழியிலேயே தாமும் போய், நமீபியா நாட்டு வேடர்களையும், கஜகஸ்தான் நாட்டவரையும், ருஷியாவின் வடகிழக்கில் கலைமான் மேய்க்கிற சுக்சி மக்களையும், அமெரிக்க நவஹோ பழங்குடிகளையும் கண்டு பேசுகிறார்.

சரி, 60,000 வருஷத்துக்கு முந்திய சங்கதி இவருக்கு எப்படித் தெரியும்? அன்று எழுத்தேது, கல்வெட்டேது, கணக்குப்பிள்ளை ஏது என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் புராணம் கேட்கிறவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் என்ன?

இதைப் புரிந்துகொள்ளுவது கொங்கு நாட்டாருக்கு மற்ற ஊராரைவிடச் சுலபம். ஏனெனில் இங்கே கூட்டம் என்கிற ஒரு கணக்கு இருக்கிறது. அந்துவன் கூட்டம், ஓதாளன் கூட்டம், பயிரன் கூட்டம் என்று சொல்லுகிறீர்கள். கூட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று இறங்குகிறது. ஒரே கூட்டத்தார் பங்காளிகள் என்று சொல்லி அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை. நம் உடம்பிலும் இப்படித் தகப்பன் வழியாகவே இறங்குகிற ஒரு பொருள் இருக்கிறது. நம் உடம்பு எண்ணி முடியாத சிறு சிறு அணு அறைகளால் ஆனது. பெரும்பாலும் ஒவ்வொரு அறைக்குள்ளும் 23 ஜோடி நூல்கண்டுகள் போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. அந்த நூலுக்குத்தான் டி.என்.ஏ. என்று பெயர். அதில் நான்கே விதமான இரசாயன எழுத்துக்கள் மாறி மாறி வரும். தாய் தந்த பாதியில் சுமார் 300 கோடி எழுத்து, தந்தை தந்த பாதியிலும் அவ்வளவு. ஆண்பிள்ளைக்கு மாத்திரம் தகப்பனிடமிருந்து வருகிற ஒரு குரோமோசோமுக்கு ஒய் என்று பெயர். அது பெரும்பாலும் அப்படியே, கூட்டத்தின் பெயர் இறங்குவது போல, மகனுக்கு இறங்கும்.

அப்படியே இறங்கினால் உலகத்தில் எல்லா ஆணுக்கும் ஒரே ஒய்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் சூட்சுமம். அய்ம்பது பக்கப் பத்திரத்தை ஒருவன் கையால் நகல் எடுத்தால் ஒரு எழுத்தாவது பிசகாமல் இருக்குமா? உடம்பும் நகல் எடுக்கும்போது பிசகுகிறது. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் தகப்பனிடத்தில் இல்லாத புதுப் பிசகு சுமார் 60, 70 இருக்கும். பெரும்பாலானவற்றால் கெடுதியுமில்லை, நன்மையுமில்லை. ஆனால் ஒரு தடவை ஒய்யில் விழுந்த பிசகு அந்த மனிதனின் மகனுக்கும், பேரனுக்கும், அவன் வழி ஆண் மக்கள் எல்லோருக்கும் முத்திரை போல இறங்கிக்கொண்டே போகும். அந்த முத்திரையை எவனிடத்தில் பார்த்தாலும் அவன் அந்தப் பழைய மனிதனின் வழிவந்தவன் என்று சொல்லிவிடலாம். கூட்டத்தின் பெருமையைப் புலவன் காசுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துப் பாடலாம். இந்த முத்திரையை எந்தப் புலவனும் திருத்த முடியாது.

அப்படிப்பட்ட ஒரு முத்திரைக்கு எம் 130 என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களில் ஏராளமான பேருக்கு அது உண்டு. அவர்களுடைய முன்னோர் கரையோரமாக வந்திருந்தால் வழியில் நம் நாட்டிலும் அந்தச் சுவடு இருக்க வேண்டுமல்லவா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் படம் மதுரைக்கு வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிச்சப்பன் அவர்கள் தென்னாட்டு மக்கள் பலரின் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் சேகரித்ததிலிருந்து மதுரைப் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவரிடத்தில் அந்த முத்திரை அகப்பட்டது. படத்தில் அந்த வாலிபர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தீர்கள். முதலில் அனுமானம், பிறகு சோதனை, பிறகு முடிவு. இந்த வரிசையை மாத்திரம் மறந்துவிடாதீர்கள். ஜோசியக்காரனிடத்தில் முதலில் முடிவு, சோதனை கிடையவே கிடையாது.

நிற்க, படம் வெளியான பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். பத்திரிகைகள் அந்த வாலிபரை "இந்தியாவின் முதல் மனிதனின் வாரிசு" என்கிற பாவனையில் எழுதிவிட்டன. இப்படி எழுதியதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா, எங்கள் ஜாதிதான் ஆதி ஜாதி" என்று மார்தட்டுகிறவர்கள் கிளம்பினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. நேற்றுவரை பிரம்மாவின் தோளிலும் தொடையிலும் பிறந்தோம் என்றவன், இன்று ஒய் குரோமோசோமில் பிறந்தோம் என்கிறான். தோள் போய் ஒய் வந்ததேயொழிய ஆணவம் போகவில்லை.

ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தாய் தகப்பன் 2 பேர். தாத்தா பாட்டிகள் 4 பேர். அவர்களுக்கு முந்தியவர்கள் 8 பேர். இப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். உங்கள் ஒய் அந்த 1,024-ல் ஒரே ஒருவர் கொடுத்தது. மீதி 1,023 பேர் என்ன ஆனார்கள்? அவர்களும்தானே உங்கள் மூக்கையும், முழியையும், நிறத்தையும் கொடுத்தவர்கள்! இருபதாவது தலைமுறையில் 10 லட்சத்துக்கு மேல். முப்பதாவது தலைமுறையில், அதாவது சுமார் 750 வருஷத்துக்கு முன், கணக்குப்படி 107 கோடி பேர். அன்று உலகத்தின் மொத்த ஜனத்தொகையே 50 கோடி இல்லையே! அப்படியானால் அர்த்தமென்ன? ஒரே ஆள் பல வழிகளில் நமக்குப் பாட்டனாக இருக்கிறான். நமக்குப் பாட்டனானவன் பக்கத்து வீட்டானுக்கும், ஊர்க்கோடியில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே அவனுக்கும், இன்னும் எத்தனையோ பேருக்கும் பாட்டனாக இருக்கிறான். ஆதி ஜாதி என்று ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க இந்தக் கணக்கில் இடமேயில்லை.

படத்திலும் குற்றமில்லாமலில்லை. எல்லா ஆண்களுக்கும் பொதுவான அந்தப் பழைய தகப்பனுக்கு ஆதாம் என்று பெயர் வைத்தார்கள். இது வேண்டாத வேலை. அந்தப் பெயரைக் கேட்டவுடன், அன்றைக்கு அவன் ஒருவன்தான் இருந்தான், கடவுள் மண்ணைப் பிசைந்து செய்தார் என்று பாதிரியார் நாளைக்கே பிரசங்கம் செய்வார். உண்மை அதுவல்ல. அவன் காலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் இருந்தார்கள். ஒருவனுக்குப் பெண் மக்களாகவே பிறந்துவிட்டால் அவனோடு அவன் கிளையில் கூட்டத்தின் பெயர் நின்றுபோகிறதல்லவா? ஆனால் மகள் வயிற்றுப் பேரன் அவன் இரத்தமில்லை என்று சொல்ல முடியுமா? அதுபோல மற்ற ஆண்களின் ஒய் வழி எப்போதோ நின்றுபோயிற்று. இவன் வழி ஒன்று மிஞ்சிற்று. இதில் தெய்வச் செயலும் இல்லை, இவனுக்கு விசேஷப் பெருமையும் இல்லை.

இன்னொரு குற்றம், படம் முக்கியமாக ஆண் வழியையே தொடர்ந்து போகிறது. இங்கே வந்திருக்கிற தாய்மார்கள் "எங்கள் கணக்கு எங்கே?" என்று கேட்டால் அது நியாயமே. தாயிடமிருந்து மாத்திரம் இறங்குகிற ஒரு டி.என்.ஏ.யும் உண்டு. அது மகனுக்கும் மகளுக்கும் வரும். மகள் மாத்திரமே மேலே கொடுக்க முடியும். அதைக் கொண்டு மனித ஜாதியின் தாய்வழி ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேருகிறது என்று 1987-லேயே எழுதிவிட்டார்கள். அதாவது படத்துக்குப் 16 வருஷம் முந்தியே பெண்வழிக் கணக்கு வந்துவிட்டது. ஆனாலும் வம்சம் என்றால் ஆண் வம்சந்தான் என்கிற புத்தி, விஞ்ஞானப் படமெடுப்பவனையும் சுலபத்தில் விடுவதில்லை.

மூன்றாவது, படத்தில் சொன்ன சில கணக்குகள் இன்று மாறிவிட்டன. எல்லா ஆண்களுக்கும் பொதுத் தகப்பன் சுமார் 60,000 வருஷத்துக்கு முன் இருந்தவன் என்று அன்று சொன்னார்கள். பிறகு இன்னும் பழைய கிளைகள் அகப்பட்டதால் அது 2 லட்சம் வருஷத்துக்கும் மேலே போய்விட்டது. அய்ரோப்பாவில் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனிதரோடு நம் முன்னோர் கலக்கவில்லை என்றே அந்தக் காலத்தில் பலரும் எண்ணினார்கள். 2010-ல் சுவாந்தே பாபோ என்பவரும் அவர் கூட்டாளிகளும் பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, கலந்திருக்கிறார்கள், நம் உடம்பிலும் சுமார் நூற்றுக்கு 2 பங்கு இருக்கிறது என்று காட்டினார்கள். அதற்காக அவருக்கு 2022-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கவனியுங்கள்: பழைய கணக்கு தப்பு என்று காட்டியவனை நாஸ்திகன் என்று ஊரை விட்டுத் தள்ளவில்லை, பரிசு கொடுத்தார்கள். எந்த மடத்தில் இந்த வழக்கம் இருக்கிறது?

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றிருக்கிற குரங்கு ஏன் மனிதனாகவில்லை? குரங்கு மனிதனானதை யார் பார்த்தது?" என்று கேட்கிறார். தோழர் வெட்கப்பட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் மத்திய சர்க்காரின் கல்வி இலாகாவில் ராஜாங்க மந்திரியாயிருந்த சத்யபால் சிங் என்பவரே, குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகையால் டார்வின் சொன்னது தப்பு, பள்ளிக்கூடத்தில் அதை மாற்ற வேண்டும் என்று பேசினார். அந்த மந்திரி முன்னால் பம்பாயில் போலீஸ் கமிஷனராக இருந்தவர். யாரும் கண்ணால் பார்க்காத எத்தனை திருட்டை ரேகையை வைத்துக் கண்டுபிடித்திருக்கும் அவருடைய இலாகா!

முதலில் இன்றைய குரங்கு நமக்குப் பாட்டனல்ல, பங்காளி. உங்களுக்கும் பேரூரில் இருக்கிற உங்கள் பெரிய பாட்டன் பேரனுக்கும் முன்னோர் ஒருவர்தான். நீங்கள் தொண்டாமுத்தூருக்குக் குடிவந்துவிட்டதால் அவன் பேரூரில் இருக்கக்கூடாது என்று சட்டமா? சிம்பன்சி என்கிற வாலில்லாக் குரங்கும் நாமும் பிரிந்து சுமார் 60, 70 லட்சம் வருஷமாகிறது.

இரண்டாவது, ஆதாரம். பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடை எழுதியிருந்தால் வாத்தியார் சந்தேகப்படுவதில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பை எழுதியிருந்தால் உடனே பிடித்துவிடுகிறார். ஆடும் மாடும் நாயும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளுகின்றன. ஆகையால்தான் நாய் நெல்லிக்காய் தின்னாமலே வாழ்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. அந்த ஜீன், அதாவது அந்த வேலைக்கான மரபு எழுத்து, நம்மிடத்திலும் இருக்கிறது. ஆனால் உடைந்து பயனற்றுக் கிடக்கிறது. சிம்பன்சியிடத்திலும் அது உடைந்து கிடக்கிறது. உடைப்பும் நம்முடையதைப் போன்றதே. கினிப் பன்றிக்கும் அது கெட்டுப்போயிற்று, ஆனால் வேறு விதமாக. இரண்டு பேருக்கும் ஒரே உடைப்பு எப்படி வந்தது? தனித்தனியாகப் படைத்தார் என்றால், உடைந்த சாமானையும் ஒரே மாதிரி உடைத்து வைத்துப் படைத்தாரா?

இன்னொன்றும் கேளுங்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் குரோமோசோம் 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? இரண்டு தாம்புக்கயிறுகளை முனைக்கு முனை சேர்த்து முடிந்தால் நடுவில் முடிச்சு இருக்குமல்லவா? குரோமோசோமின் முனைகளில் மாத்திரம் வழக்கமாக இருக்கிற அடையாள எழுத்துக்கள், நம்முடைய இரண்டாம் நம்பர் குரோமோசோமின் நடுவில் கிடப்பதை 1991-ல் கண்டார்கள். இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்கிறது. முடிச்சே அகப்பட்ட பிறகு, முடிந்ததை யார் பார்த்தது என்று கேட்பதில் அர்த்தமென்ன?

பரிணாமம் ஆதி காலத்தோடு முடிந்துபோன சங்கதியென்றும் நினைக்க வேண்டாம். இதோ வடக்கே தெரிகிற நீலகிரியிலேயே அதன் அடையாளம் இருக்கிறது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அந்த மலைமக்களின் இரத்தத்தைப் பார்த்து, சிலருக்கு இரத்த அணு வட்டமாக இராமல் அரிவாள் போல வளைகிற தன்மை இருப்பதைக் கண்டார்கள். ஒரே ஒரு எழுத்துப் பிசகினால் வருகிற கோளாறு இது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அந்தப் பிசகு வந்துவிட்டால் பிள்ளைக்குச் சோகையும் தாங்க முடியாத வலியும் வரும். ஆயுளும் குறையும். அப்படியானால் இவ்வளவு கெட்ட பிசகு எப்போதோ அற்றுப் போயிருக்க வேண்டாமா? அற்றுப் போகவில்லை. ஏனென்றால் ஒருவரிடமிருந்து மாத்திரம் வாங்கினவனை மலேரியாக் காய்ச்சல் எளிதில் கொல்லுவதில்லை. கொசுவும் காய்ச்சலும் நிறைந்த காட்டோரத்தில் அவன் பிழைத்து, பிள்ளை பெற்றான். மற்றவர்களில் பலர் செத்தார்கள். இயற்கைத் தேர்வு என்பது இதுதான். மலைத் தெய்வத்தின் கோபமென்று பூசை போட்டுக்கொண்டிருந்த நோய்க்குக் காரணம், கொசுவும் ஒரு எழுத்துந்தான்.

மலேரியாவுக்கும் இந்த மாதிரி இரத்தக் கோளாறுகளுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று 1949-ல் முதன்முதல் சொன்னவர்களில் ஒருவர் ஹால்டேன் என்கிற இங்கிலீஷ்காரர். அரிவாள் அணு விஷயத்தில் அது உண்மையென்று 1954-ல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார், இந்தியப் பிரஜையானார், 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இறந்தபின் தம் உடலைச் சடங்கு செய்து எரிக்காமல் காக்கிநாடா வைத்தியக் கல்லூரிக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்தார். இது பேச்சுக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி ஜாதி விஷயத்துக்கு வருவோம். படம் ஜாதியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதன் பிறகு வந்த ஆராய்ச்சி பேசுகிறது. அய்தராபாத்தில் இருக்கிற சி.சி.எம்.பி. என்கிற ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியவர்களும், அமெரிக்காவில் ரைக், பிரியா மூர்ஜானி ஆகியவர்களும் சேர்ந்து, நம் தேசத்திலுள்ள எழுபதுக்கு மேற்பட்ட வகுப்பாரின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 4,200 வருஷத்துக்கு முன்பிருந்து 1,900 வருஷத்துக்கு முன்வரை இங்கே இருந்த மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். மேல் என்கிறவனும், கீழ் என்கிறவனும், ஒதுங்கி மலையில் இருப்பவனுங்கூட அந்தக் கலப்பில் வந்தவர்களே. அதற்குப் பிறகுதான் அவரவர் வகுப்புக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்று கதவை அடைத்திருக்கிறார்கள். ஆகவே ஜாதி அனாதியானது, சிருஷ்டியிலேயே உண்டானது என்பது இரத்தத்தின் சாட்சியப்படியே பொய். மனித ஜாதியின் வயது 2, 3 லட்சம் வருஷம். அதில் இந்தத் தாழ்ப்பாளுக்கு வயது சுமார் 2,000 வருஷம். பகல் முழுவதும் திறந்து கிடந்த வீட்டைப் பொழுது சாய்கிற நேரத்தில் பூட்டிவிட்டு, இது பிறந்தது முதல் பூட்டிய வீடு என்பது போல இருக்கிறது!

பூட்டினதால் வந்த பலன் என்ன? 2017-ல் அதே கூட்டத்தார் இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நம் பக்கத்து நாடுகளையும் சேர்த்து 263 வகுப்பாரைப் பார்த்ததில், 81 வகுப்பார் மிகச் சில முன்னோரிடமிருந்தே பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்து வந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில், பழைய முன்னோர் ஒருவரிடத்தில் இருந்த கெட்ட பிசகு கணவன் மனைவி இருவரிடத்திலும் ஒளிந்திருந்து பிள்ளையின் தலையில் விடிகிறது. உதாரணமாக வைசிய வகுப்பாரில் சிலருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்துவதற்காகக் கொடுக்கிற ஒரு மருந்து மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். இவர்களுக்கு மணிக்கணக்காகத் தெளியாமல் தானாக மூச்சுவிட முடியாத நிலை ஏற்படும். அந்த வகுப்பாரைக் குறைத்துச் சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் டாக்டரிடத்தில் முன்னதாகவே சொல்லிவைத்தால் உயிர் தப்பும் என்பதற்காகவும், மற்ற வகுப்பாரும் தங்கள் தங்கள் பூட்டுக்குள் என்ன இருக்கிறதென்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவுமே சொல்லுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி என்பவரும் மேற்சொன்ன தங்கராஜும் பிறரும் 2009-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். இதயத் தசைக்கான ஒரு ஜீனில் 25 எழுத்து விட்டுப்போன பிசகு நம் நாட்டில் 100-க்கு 4 பேருக்கு இருக்கிறது, அவர்களுக்கு இதயத் தசை நோய் வருகிற வாய்ப்பு ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அது எந்த ஜாதியில் இருக்கிறது என்று கேட்டால், அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன், ஜாதி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் ஒருவரிடத்தில் தோன்றி, பஞ்சாங்கம் பார்க்காமல், கோத்திரம் கேட்காமல் எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. நாம் எல்லோரும் கலந்தவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கலப்பைப் பற்றித் தொண்டாமுத்தூர் விவசாயிகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கோயமுத்தூர் போகிற வழிப் பக்கந்தான் கரும்பு இனப்பெருக்க நிலையம். 1912-ல் ஆரம்பித்தது. பார்பர் துரையும் வெங்கட்ராமனும் அங்கே இனிப்பான தடிக் கரும்பையும், கரையோரத்தில் தானாக முளைக்கிற நாணல் ஜாதிக் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகத்தைச் செய்தார்கள். 1918-ல் அது பஞ்சாபுக்குப் போயிற்று. வறட்சியும் குளிரும் தாங்கி விளைந்தது. தலைச்சேரித் தீயர் வகுப்பில் பிறந்த ஜானகி அம்மாள் என்கிற பெண்மணி 1934 முதல் 1939 வரை அங்கேயிருந்து, குரோமோசோம்களை எண்ணி எண்ணி ஆராய்ந்தார். பிறகு சீமைக்குப் போய் 1945-ல், பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றி டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து பெரிய புத்தகமே எழுதினார். இன்றைக்கு நீங்கள் நடுகிற கோ 86032-ம் அந்த நிலையத்தில் உண்டான கலப்புதான். மனிதனைக் கரும்போடு ஒப்பிடுவதற்கு ஒரு எல்லை உண்டு என்பது நமக்குத் தெரியும். மனிதன் சர்க்கரைச் சத்துக்காகக் கலியாணம் செய்துகொள்ளுவதில்லை. ஆனால் காட்டில் ஒட்டு ரகம் வேண்டும் என்று தேடி வாங்குகிற அதே கௌரவமான மனிதர், வீட்டில் தம் மகள் வேறு ஜாதிப் பையனை விரும்பினாள் என்றவுடன் இரத்தம் கெட்டுவிட்டது என்று அரிவாளைத் தேடுகிறாரே, அது ஏன்?

அரிவாள் என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், வேறு ஜாதிப் பெண்ணை மணந்ததற்காக ஒரு வாலிபனை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பெண்ணுக்கும் வெட்டு. வெட்டுண்டவன் இரத்தத்தையும் வெட்டினவன் இரத்தத்தையும் அய்தராபாத்துக்கு அனுப்பியிருந்தால், 1,000 எழுத்துக்குச் சுமார் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் இருந்திருக்கும். வெட்டினவனுக்கும் அவன் சொந்த ஜாதிக்காரனுக்கும் இடையிலுங்கூட அநேகமாக அவ்வளவு வித்தியாசம் உண்டு.

மாமன் மகளைக் கட்டுகிற வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் நான்கு கலியாணத்துக்கு ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறதென்று 2019-21-ல் எடுத்த சர்க்கார் கணக்கு சொல்லுகிறது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் மரபு எழுத்தில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்காள் மகளைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு பொது. பொது அதிகமாக ஆக, ஒளிந்திருக்கிற பிசகு இரண்டு பக்கமிருந்தும் சந்திக்க இடமும் அதிகமாகிறது. எல்லாப் பிள்ளைக்கும் நோய் வரும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆனால் நிலம் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் பிள்ளையின் உடம்பை ஈடு வைக்கலாமா என்பது நீங்கள் யோசிக்க வேண்டியது. முன்னமே அப்படிக் கலியாணம் செய்துகொண்டவர்கள் பிள்ளை பெறுவதற்கு முன் கோயமுத்தூரில் நல்ல டாக்டரிடத்தில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். இதற்குப் பரிகார ஸ்தலம் எதுவும் கிடையாது.

கடைசியாகப் பள்ளிக்கூட விஷயம். மத்திய சர்க்காரின் பாடப் புத்தகக் கவுன்சில் 2023-ல் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது. "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடத்தின் தலைப்பே "மரபு" என்று பாதியாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவனுக்கு அது உண்டு என்கிறார்கள். கணக்குப் படிப்பவனுக்கும், வியாபாரம் படிப்பவனுக்கும், பத்தோடு படிப்பை நிறுத்திக் காட்டுக்குப் போகிறவனுக்கும் தாங்கள் யார் வழி வந்தவர்கள் என்று தெரிய வேண்டாமா? கோயமுத்தூரைச் சுற்றி அந்தப் புத்தகம் படிக்கிற பள்ளிக்கூடங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஆயிரக்கணக்கில் சம்பளம் கட்டுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

நம் மாகாணத்துப் பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மரபியல் ஒரு பாடமாகவும், உயிரின் தோற்றமும் பரிணாமமும் அதற்கடுத்த பாடமாகவும் தமிழில் இருக்கின்றன. படம் விளங்காதவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையிடமாவது அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி அந்த இரண்டு பாடத்தையும் இரண்டு தடவை படியுங்கள். விளங்காத இடத்தைக் குறித்து வையுங்கள். மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் படித்துக் காட்டுங்கள். சீட்டு எழுதி அனுப்பிய தோழர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அவர் முகத்திலிருந்தே தெரிகிறது. அவர் மேடைக்கு வந்து தம் ஆட்சேபணையைச் சொல்லட்டும்.